கதவும் வேண்டும், கேள்வியும் வேண்டும்

அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் குடும்பத்தின் குடியேற்ற வாழ்க்கையை வைத்து எழுதிய ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி’ (1935) நாவலைச் சிறுவர் அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. ஆணியே இல்லாமல் மரமுளைகளை அடித்து லாராவின் அப்பா கதவு செய்யும் இடத்தைப் படித்தால், நாமே ஒன்று செய்துவிடலாம் போலிருக்கும். கிணறு தோண்டும் அத்தியாயம் இன்னும் அபாரம். விஷவாயு இருக்கிறதா என்று மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பதை வீண்வேலை என நினைத்த பக்கத்துக்காரர் ஸ்காட், உள்ளே மயங்கிக் கிடப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

ஆனால் அந்தக் குடும்பம் 1869-ல் குடியேறிய அமெரிக்காவின் கன்சாஸ் நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது. அரசாங்கம் அவர்களோடு செய்த ஒப்பந்தப்படி அங்கே வீடு கட்ட இவர்களுக்கு உரிமையே இல்லை. நாவலிலோ, அரசாங்கம் விரட்டுகிறது என்ற மனத்தாங்கல் அப்பாவுக்குத்தான்! சோளரொட்டி கேட்டு வீட்டுக்குள் வரும் ஓசேஜ் மனிதர்கள் வெறும் பயமுறுத்தும் உருவங்களாகவே நிற்கிறார்கள். 2018-ல் அமெரிக்க நூலகர்கள் குழந்தை இலக்கிய விருதிலிருந்து வைல்டரின் பெயரை நீக்கியது சரியே. விருது வேறு, வாசிப்பு வேறு. மலேரியாவில் குடும்பமே படுத்துவிட்டபோது காப்பாற்றும் டாக்டர் டான் கறுப்பினத்தவர்; ஓசேஜ் மக்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். அவரைப் பற்றி இந்த விவாதத்தில் ஒருவரும் பேசவில்லையே! பத்து வயதுக்கு மேல், பெரியவர்கள் உடனிருந்து படித்துக்காட்டலாம்.