ராலின்ஸ்தான் பிளாக் ஃப்ளாக்காம்!

பிளாக் ஃப்ளாக் என்ற அமெரிக்கப் பங்க் ராக் பேண்டின் புது ஆட்கள் போட்டோவுக்குக் கீழே நேற்று நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பேண்டை ஆரம்பித்த கிட்டாரிஸ்ட், எழுபதைத் தொட்ட கிரெக் கின், பக்கத்தில் பேரப்பிள்ளை வயதில் மூன்று பேர். "ராலின்ஸ் இல்லாமல் என்ன பிளாக் ஃப்ளாக்?" என்று நம் நண்பர் தீர்ப்பே எழுதிவிட்டார். லைக் குவிகிறது.

ஐயா, ஹென்றி ராலின்ஸ் அந்த பேண்டின் நாலாவது பாடகர். நாலாவது! 1976இல் கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் ஆரம்பித்தபோது பாடியவர் கீத் மோரிஸ். அப்புறம் ரான் ரெயெஸ், அப்புறம் டெஸ் கடேனா. 1981இல் சேர்ந்த ராலின்ஸ், அதுவரை வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன். ஆள் மாறுவதெல்லாம் அந்த பேண்டுக்குப் புதிதா என்ன? 'மை வார்' ஆல்பம் பதிவின்போது பேஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லாமல், டேல் நிக்சன் என்று ஒரு பொய்ப்பெயரில் கின்னே வாசித்தார்.

"பழைய ஆட்கள் 2013இல் ஃப்ளாக் என்ற பேரில் வாசித்தார்களே, அதுதான் அசல்" என்பீர்கள். சரி, இருக்கட்டும். அதிலும் ராலின்ஸ் இல்லையே!

"கின் என்ன செய்தாலும் சரியா?" என்றும் கேட்பீர்கள். நான் அப்படிச் சொன்னேனா?

கல்லூரியில் நாங்கள் ஐந்து பேர் வாசித்தோம். நான் பேஸ். செமஸ்டர் லீவு முடிந்து வந்து பார்த்தால், என் ஆம்ப்ளிஃபயரில் வேறொருவன் ஜாக்கைச் சொருகிக்கொண்டிருக்கிறான். ஒருத்தனும் முகம் பார்த்துப் பேசவில்லை. கல்சுரல்ஸில் நான் போட்ட லைனைத்தான் அவன் வாசித்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கைகூடத் தட்டினேன்.

அதனால்தான் ரெயெஸை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை. 1980இல் கச்சேரி நடுவிலேயே இறங்கிப் போனவர்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, அவர் குரலில் வந்த 'ஜெலஸ் அகெய்ன்' இசைத்தட்டில் அவர் பெயரைப் போடாமல் ஓர் அசிங்கமான வசைப்பெயரையா அச்சடிப்பது? முப்பது வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள், மனுஷன் போனார். 2013 நவம்பர், ஆஸ்திரேலியாவின் பெர்த். கச்சேரி முடியவில்லை, மேடையிலேயே மைக்கை வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டார்கள். அப்படி வாங்கியவர் பெயர் மைக் வல்லேலி, அவர்தான் அடுத்த பாடகர்!

ஆளை மாற்றட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றக்கூடாதா?

நண்பரே, ராலின்ஸ் ராலின்ஸ் என்று ஏழு முறை எழுதியிருக்கிறீர்கள், எண்ணினேன். ரெயெஸ் பெயரை ஒரு தடவையாவது டைப் செய்யுங்கள். ஸ்பெல்லிங் வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாங்க.