பிரிண்ட் என்றாலே சிஎம்ஒய்கே என்று யார் சொன்னது?

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் அம்மா கட்டியிருந்தது எம்.எஸ். புளூ காஞ்சிப்பட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலேயே நிலைத்துவிட்ட நீலம் அது, பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தை 12க்கு 18 அளவில் போட்டு ஹாலில் மாட்டலாம் என்று போட்டோ லேபுக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆர்ஜிபியில இருக்கு சார், பிரிண்டுக்கு சிஎம்ஒய்கேதான், மாத்திக் கொண்டு வாங்க" என்றார். ஆர்ஜிபி என்றால் சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் சொல்லும் முறை, சிஎம்ஒய்கே என்றால் சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் சொல்லும் முறை. வீட்டுக்கு வந்து மாற்றினேன். மாற்றிய நொடியே திரையில் நீலம் செத்துப்போனது. சரி, தினமும் பிரிண்ட் போடுகிறவருக்குத் தெரியாததா என்று நம்பிக் கொடுத்தேன்.

வந்த படத்தில் புடவை, சாயம் போன கத்தரிப்பூ நிறம். அம்மா பார்த்துவிட்டு "இது என் புடவையே இல்லையே" என்றார். திரும்பப் போய்க் கேட்டால், "மானிட்டர்ல பளிச்சுனு தெரியும் சார், பிரிண்ட்ல கொஞ்சம் டல்லாத்தான் வரும்" என்கிறார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது மினிலேப் மெஷின். அதில் மையே கிடையாதய்யா! சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசர் ஒளி போட்டோ பேப்பரில் படத்தை எழுதும், அப்புறம் பேப்பர் கெமிக்கலில் கழுவி வரும். அந்த மெஷினுக்கு வேண்டியதே ஆர்ஜிபி ஃபைல்தான், அதிலும் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வகை. சிஎம்ஒய்கே கொடுத்தால் அதை மறுபடி ஆர்ஜிபிக்கு மாற்றித்தான் அடிக்க வேண்டும், ஆனால் முதல் மாற்றத்தில் போன நீலம் போனதுதான், திரும்பி வராது. இதில் இன்னொரு கொடுமை, ஃபோட்டோஷாப்பில் வேறு எதையும் தொடாமல் கலர் மோடை மட்டும் சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் பெரும்பாலும் ஸ்வாப் (SWOP) என்ற ப்ரொஃபைலுக்குத்தான், அதாவது அந்த நிறக்கணக்குக்குத்தான் போகும். அது அமெரிக்காவில் ரோல் பேப்பரில் பத்திரிகை அடிக்கிற வெப் ஆஃப்செட்டுக்கான மைக்கணக்கு. அதற்கும் எங்கள் வீட்டுப் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

சிஎம்ஒய்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. சிவகாசியில் ஆஃப்செட்டில் காலண்டர் அடிக்கிறீர்களா, பத்திரிகையில் படம் வருகிறதா, அங்கே நான்கு மை, நான்கு பிளேட், சிஎம்ஒய்கே இல்லாமல் வேலை நடக்காது. அதையும் அந்த பிரஸ் எந்த ப்ரொஃபைல் கேட்கிறதோ அதில்தான் மாற்ற வேண்டும். வீட்டில் இருக்கும் ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டருக்கோ உள்ளே மை இருந்தாலும் ஆர்ஜிபிதான் கொடுக்க வேண்டும், எந்த மை எத்தனை சொட்டு என்பதை பிரிண்டரின் டிரைவர் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த மெஷினில் அடிக்கிறீர்கள்? அதற்கு கவுன்டரில் பதில் சொல்லத் தெரிய வேண்டாமா? காசு வாங்குகிறார்கள் இல்லையா?

நல்லவேளை, ஒரிஜினல் ஃபைலை அழிக்கவில்லை. அதை அப்படியே எஸ்ஆர்ஜிபியில் வேறு லேபில் கொடுத்தேன். அதே மாதிரி லேசர் மெஷின்தான், ஆனால் நீலம் நீலமாக வந்தது, ஜரிகை பார்டரில் மடிப்பு மடிப்பாக வெளிச்சம் ஏறி இறங்குவது வரை தெரிந்தது.

போன வாரம் அந்தப் பழைய லேப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். கல்யாண ஆல்பத்துக்குப் படம் கொண்டுவந்த ஒரு பையனிடம் அதே ஆள் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றாதே தம்பி என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.