பத்து சில்லிங் காணி

கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் நடக்கிற எங்கட தமிழ் விழாக்களில் இப்ப இது ஒரு சடங்கு. மங்கள விளக்கேற்றி, கீதங்கள் பாடி, அகவணக்கமும் முடிய, ஒரு பிள்ளை வந்து பூர்வகுடி நில அறிக்கையை, அதாவது நாங்கள் நிற்கிறது பூர்வகுடிகளின் நிலம் என்று ஏற்று நன்றி சொல்லும் அறிக்கையை, ஆங்கிலத்தில் மளமளவென்று வாசிக்கும். ஹோடெனோசோனி, வென்டாட் என்ற பூர்வகுடிப் பெயர்களில் நாக்குத் தடக்குப்படும். சபை கதிரை தேடிக்கொண்டிருக்கும். அடுத்தது வரவேற்புரை.

வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசிக்கிறதென்றால் காணிக்கதையையும் வாசியுங்கோ.

1787இல் பிரித்தானியர் ரொறன்ரோவை மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடம் ‘வாங்கினார்கள்’. அந்தக் காணி உறுதிப் பத்திரத்தில் காணியின் எல்லையே எழுதப்படவில்லை. தலைவர்களின் குறிகள் வேறு கடதாசித் துண்டுகளில் இருந்தன. அவற்றை உறுதியில் ஒட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசு இப்படி உறுதி முடித்திருந்தால் பேரப்பிள்ளை காலம் வரை வழக்கு நடந்திருக்கும்! பிழை தெரிந்தும் காணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1805இல் இன்னோர் உறுதி எழுதினார்கள்: ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஏக்கர், விலை 10 சில்லிங். 1847இல் அந்தச் சனம் ஹாகர்ஸ்வில் பக்கம் இடம்பெயர்ந்தது. (மிசிசாகா என்ற பேர் மட்டும் நகரத்துக்கு மிச்சம்.) 1986இல் போட்ட கோரிக்கைக்கு 2010இல்தான் 14.5 கோடி டொலர் கிடைத்தது.

நாங்கள் இருக்கிற ஸ்காபரோ அந்த எல்லைக்குக் கிழக்கே. ரூஜ் ஆற்றுப் பக்கத்தைத் தாங்கள் ஒருக்காலும் கொடுக்கவில்லை என்று அதே மக்கள் 2015இல் கோரிக்கை வைத்திருக்கிறார்கள். அந்த ஆற்றங்கரைப் பூங்காவில்தான் கோடையில் எங்கட ஒன்றுகூடலும் கொத்துரொட்டியும். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல் கேட்டதுண்டோ?

பழங்கதை என்று தள்ளவும் ஏலாது. 1919 முதல் வினிப்பெக் நகரம் குடிப்பது ஷோல் லேக் தண்ணீர். அந்த ஏரிக்கரையில் இருக்கிற ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடிச் சமூகத்து மக்கள் 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டியிருந்தது.

2017இல் முல்லைத்தீவில் கேப்பாப்புலவுச் சனம் ஆமி முகாம் வாசலில் இரவுபகலாகக் குந்தியிருந்தது, ஆமி பிடித்து வைத்திருந்த தங்கட காணிக்காக. “உங்கட காணியில் நிற்கிறோம், நன்றி” என்று ஆமிக்காரன் ஒலிவாங்கியில் வாசித்திருந்தால் எழும்பிப் போயிருப்பார்களோ? இங்கே நாங்கள் வேலிக்கு மற்றப் பக்கம் நிற்கிறோம். அகதியாக வந்தோம் என்பது உண்மை. வாங்கின வீட்டின் விலை ஏற ஏறச் சந்தோசப்படுகிறோம் என்பதும் உண்மை.

வாற தைமாதத் தமிழ் மரபுத் திங்கள் விழாக்காரருக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கையைத் தமிழில் எழுதுங்கோ, ரூஜ் கோரிக்கையைச் சேருங்கோ. மிசிசாகா சமூகத்தில் ஒருவரை அழைத்து, பேச்சுக்குரிய பணமும் கொடுத்து, அரைமணி நேரம் விடுங்கோ. முன்வரிசையில் இருக்கப்போற எம்பீமாரிடம் அந்தக் கோரிக்கை எந்த மட்டில் நிற்குது என்று மேடையிலேயே கேளுங்கோ. நேரம் காணாதென்றால் பொன்னாடைகளைக் குறைக்கலாம்.