படத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்

ஓவியம் பற்றிய பதிவு என்றாலே இங்கே "இதில் ஒளிந்திருக்கும் ரகசியம் தெரியுமா?" என்றுதான் தொடங்குகிறது. மூலையில் ஒரு மண்டையோடு, மேசையில் வாடிய பூ, அவற்றுக்கு ஆளுக்கொரு விளக்கம். விடுகதை அவிழ்ந்ததும் அடுத்த படத்துக்குத் தாவிவிடலாம். ஓவியம் பார்க்கப் பழக நினைப்பவர்களை முதலில் கெடுப்பது இந்தப் பழக்கம்தான் என்பது என் கட்சி.

பழகுவதற்குச் சின்னங்கள் அதிகம் இல்லாத படமே நல்லது. நான் சிபாரிசு செய்வது, 1885-இல் நெதர்லாந்தின் நியூனென் கிராமத்தில் டச்சு ஓவியர் வான்கோ வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வான்கோ தன் காதை அறுத்துக்கொண்ட கதையை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அது 1888-இல் நடந்தது. இந்தப் படத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வெளிச்சம் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். இருண்ட அறை, மேலிருந்து தொங்கும் ஒற்றை விளக்கு, மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒளி முகங்களிலும் கைகளிலும் கிழங்குத் தட்டிலும் விழுந்து, மற்ற இடங்களை இருட்டுக்கே விட்டுவிடுகிறது. அடுத்து, யார் யாரைப் பார்க்கிறார்கள்? இடப்பக்கத்துப் பெண் அருகிலிருக்கும் ஆணைப் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வலப்பக்கத்தில் பெரியவர் கிண்ணத்தை நீட்டுகிறார். காபி ஊற்றும் மூதாட்டியின் பார்வை தாழ்ந்திருக்கிறது. யார் கண்ணும் யார் கண்ணையும் சந்திக்கவில்லை. நாள் முழுக்க உழைத்த அலுப்பு என்று இதைச் சொல்லலாம். பேசாமலேயே புரிந்துகொள்ளும் குடும்பத்தின் அன்னியோன்யம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் படத்துக்குள் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஓவியரின் கடிதங்களுக்குப் போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். தட்டுக்குள் நீளும் இதே கைகள்தான் நிலத்தைத் தோண்டின, இவர்கள் தங்கள் உணவை நேர்மையாகச் சம்பாதித்தவர்கள் என்று காட்ட விரும்பியதாகத் தம்பி தியோவுக்கு வான்கோ எழுதினார். நிறத்தையும் அப்படியே யோசித்திருக்கிறார்: தோல் சீவாத, புழுதி படிந்த உருளைக்கிழங்கின் நிறம். முகங்களுக்கும் அந்த நிறம்தான். உண்பவரும் உண்ணப்படுவதும் ஒரே மண்ணிலிருந்து வந்ததுபோல் தெரிவது தற்செயல் இல்லை.

நண்பரும் ஓவியருமான அந்தோன் வான் ராப்பார்டுக்கு இதெல்லாம் எடுபடவில்லை. இந்தப் படத்தின் கல்லச்சுப் பிரதியை (கல்லில் வரைந்து அச்சிட்டது) பார்த்துவிட்டு, வலப்பக்கத்து ஆளுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் இருக்கக் கூடாதா என்று கேட்டு எழுதினார். கோபம் கொண்ட வான்கோ கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். உருவங்கள் 'சரியாக' அமைந்துவிட்டால்தான் தனக்கு வருத்தம் என்ற பொருள்பட அதே ஆண்டு தியோவுக்கும் எழுதினார். பெரிய மேதை சொன்னதால் ஒவ்வொரு கோணலுக்கும் பொருள் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தக் கைகளின் முரட்டுத்தனம் படத்துக்கு வேலை செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பின்னால் இருக்கும் பெண்ணின் கை இயல்பாக இல்லை என்றும் ராப்பார்ட் குறைப்பட்டார். அந்தக் கை விஷயத்தில் நான் அவர் பக்கம்தான்.

சுவரில் ஒரு கடிகாரமும் சிலுவைப் படமும் உண்டு. ரகசியப் பிரியர்களுக்கு அது போதும், இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராப்போஜனம் வரை போய்விடுவார்கள். வான்கோ பாதிரியாரின் மகன், பெல்ஜியத்துச் சுரங்கத் தொழிலாளர்களிடையே மதப்பணி செய்தவர் என்பதால் அதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆனால் விளக்கொளி அந்தப் பக்கம் சரியாகப் போய்ச் சேரவே இல்லை. ஓவியர் அதற்குக் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு, முன்னால் நமக்கு முதுகு காட்டி இருக்கும் சிறுமி. நம்மையும் மேசைக்கு இழுக்கத்தான் அவளை அங்கே வைத்திருக்கிறார் என்று ஒரு வாசிப்பு உண்டு. எனக்கு அவள் மேசையை மறைப்பதாகவே படுகிறது: இது எங்கள் சாப்பாடு, நீங்கள் வெளியாள். மறுப்பவர்கள் கருத்துப் பெட்டிக்கு வாருங்கள். படத்தில் எந்த இடத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.