காதைப் பார்த்துப் பரிசுத்தம் அளக்கிறவர்களுக்கு

போன ஞாயிறு திருவிருந்து (சபையில் அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) வரிசையில், கம்மல் போட்டதற்காக ஒரு பெண்ணை ஊழியர் தடுத்ததை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அந்த வீடியோவை இங்கே மறுபடி போட மாட்டேன், அந்தப் பிள்ளை பட்டது போதும். காதில் கடுகளவு கம்மல். அப்பத்துக்கு நீட்டிய கையை இறக்கச் சொல்லி, காதைச் சுட்டிக்காட்டி, "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை" என்று மைக்கில் வசனம் வேறு. அதை "வைராக்கியமான ஊழியம்" என்று பகிர்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

எபிரெயர் 12:14-ல் பாதிதான் மைக்கில் வந்தது. முன்பாதி "யாவரோடும் சமாதானமாயிருக்கவும்" என்று தொடங்குகிறது. சொத்துத் தகராறில் முகம் பார்க்காத அண்ணன் தம்பி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அப்பம் வாங்கிப் போகாத சபை எது? அவர்களை வரிசையிலிருந்து யார் இறக்கினார்கள்? சமாதானம் காதில் தொங்குவதில்லையே, அதனால் தெரியாமல் போயிருக்கும்.

திருவிருந்தைப் பற்றிப் பவுல் கொதித்து எழுதினது 1 கொரிந்தியர் 11-ல். வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட, ஏழை பசியோடு நின்றான் என்பதுதான் அங்கே பிரச்சினை. "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா" என்று கேட்கிறார். 28-ம் வசனத்தில் ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்தறியச் சொல்கிறார். பக்கத்து வரிசையைச் சோதிக்க அங்கே யாரையும் நியமிக்கவில்லை.

பரிசுத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும், வளரவும் வேண்டும். அது எங்கே வளரும் என்பதுதான் கேள்வி. "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று லேவியராகமம் 19:2 சொல்லிவிட்டு அடுத்து எங்கே போகிறது பாருங்கள். அறுக்கும்போது வயலின் ஓரத்தை எளியவனுக்கு விடு. கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. செவிடனைத் திட்டாதே. கோள் சொல்லித் திரியாதே. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுத்தடித்துவிட்டு, அதே பத்தாம் தேதி உபவாச ஜெபத்தில் முதல் வரிசையில் உட்கார்கிறவர்களை எந்தப் பிரசங்கத்தில் தொட்டிருக்கிறோம்?

இனி நடைமுறைக்கு வருவோம். கன்வென்ஷன் என்கிற பல நாள் நற்செய்திக் கூட்டத்தின் கடைசி ராத்திரியில் அழுது ஒப்புக்கொடுத்தவர் அடுத்த புதன்கிழமையே பழையபடி ஆவது ஏன்? அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமைக்கு அவர் கையில் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. "ஆண்டவரே, என் பாவங்களை மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்கிற ஜெபத்தில் எந்தப் பாவமும் பிடிபடாது. ஒன்றைப் பெயர் சொல்லிப் பிடிக்க வேண்டும்: எது, எந்த நேரம், யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியறையில் போன் என்றால், போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். ஜெபத்தோடு இதையும் செய்தால் விசுவாசம் குறைந்துவிடாது.

விட்டால் மட்டும் போதாது, அந்த இடத்தில் வேறொன்று வர வேண்டும். எபேசியர் 4-ஐ நிதானமாகப் படியுங்கள். பொய்யை விட்டவன் மெய் பேச வேண்டும். திருடினவன் திருட்டை நிறுத்தினால் மட்டும் போதாது, கையால் உழைத்து இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும். கோபத்துக்குச் சூரியன் அஸ்தமிக்கும்வரைதான் கெடு. வெறுமையாகப் பெருக்கி வைத்த வீட்டுக்கு, போன ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததை மத்தேயு 12-ல் படித்திருப்பீர்கள்.

யாருக்காவது பணத்தில் அநியாயம் செய்திருந்தால், எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 10,000 ஏமாற்றியிருந்தால் 12,000. வரி வசூலிக்கிற சகேயு, ஏமாற்றினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். இதற்கு மட்டும் ஏன் பீட அழைப்பு (மனந்திரும்புகிறவர்களை முன்னால் வரச் சொல்வது) கொடுப்பதில்லை?

அப்புறம், தனியாக முடியாது. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளில், ஒவ்வொரு கூடுகையிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "போன முறை கூடினதற்குப் பின் தெரிந்தே செய்த பாவம் என்ன" என்பதுதான். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, சிறிய கூட்டமாக. நம்மிடம் இது கெடுவது ஒரே இடத்தில்தான். "ஜெபத்துக்குத்தான் சொல்றேன் சிஸ்டர்" என்று அன்றைக்கு ராத்திரியே விஷயம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். வாய் காக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும், இருபது பேர் வேண்டாம்.

"அப்போ பொன் ஆபரணம் அலங்காரமாக வேண்டாம் என்கிற 1 பேதுரு 3:3?" என்று வருவீர்கள். வாருங்கள். அதே வசனத்தில் மயிரைப் பின்னுவதும் உயர்ந்த வஸ்திரமும் இருக்கிறது. பின்னல் போட்டவரை, பட்டுச்சேலை கட்டியவரைத் திருப்பி அனுப்பினீர்களா? நாலு வசனம் தள்ளி, மனைவியைக் கனம்பண்ணாத புருஷனின் ஜெபம் தடைபடும் என்றும் இருக்கிறது. அதற்கு வாசலில் சோதனை உண்டா?

"இஸ்ரவேலர் ஓரேபில் ஆபரணங்களைக் கழற்றிப்போட்டார்களே" என்பவர்களுக்கு: இயேசு சொன்ன உவமையில், வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய குமாரன் கையில் தகப்பன் முதலில் போட்டவற்றில் ஒன்று மோதிரம். மனமுவந்து கழற்றி, விற்று, ஏழைக்குக் கொடுத்தவர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். கழற்ற வைப்பது வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட பெண்கள் பொன் நகை போடக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது என்று சாதி சொன்னது. மேலாடைக்காகக் கிறிஸ்தவப் பெண்கள் தெருவில் அடிபட்டார்கள். 1859-ல்தான் அரசு இறங்கி வந்தது. அந்த மண்ணின் சபைகள் ஒரு பெண்ணின் உடம்பில் என்ன இருக்கலாம் என்று கூட்டத்துக்கு நடுவே விரல் நீட்டினால், எனக்கு வேதம் ஞாபகம் வருவதில்லை, வேறொன்றுதான் வருகிறது.

பெண்கள் பொன்னால் அலங்கரிக்க வேண்டாம் என்கிற 1 தீமோத்தேயு 2:9-ஐக் கமெண்டில் ஒட்டப் போகிறவர்கள், ஆண்கள் கோபமும் தர்க்கமுமில்லாமல் பரிசுத்தமான கைகளை உயர்த்த வேண்டும் என்கிற 8-ம் வசனத்தையும் சேர்த்தே ஒட்டுங்கள். தர்க்கமில்லாமல்.