சித்தப்பாவின் மூலச்சூடு

"மக்களே, இது மூலச்சூடுதான். ரெண்டு நாள் மோர் குடிச்சா அடங்கிரும்." இப்படிச் சொல்லியே சித்தப்பா ஒன்றரை வருடத்தை ஓட்டிவிட்டார். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருவதைச் சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. மார்த்தாண்டத்தில் பார்த்த டாக்டரும் கேட்டதை வைத்தே மூலத்துக்கு மாத்திரை எழுதினார். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி.

அன்றிலிருந்து இது சம்பந்தமாக எது கண்ணில் பட்டாலும் வாசித்துவிடுகிறேன். அப்படிக் கண்ணில் பட்டதுதான் ஆர்.என்.ஏ. சமாச்சாரம். பள்ளியில் ஆர்.என்.ஏ. என்றால் டி.என்.ஏ.வின் எடுபிடி என்ற அளவில்தான் படித்தோம். ஆனால் 1993-ல், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில், 22 எழுத்தே கொண்ட ஒரு துண்டு ஆர்.என்.ஏ. வேறொரு ஜீனின் வாயை அடைப்பதைக் கண்டார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் இதற்கு நோபல் வந்தது 2024-ல். பெருங்குடல் புற்றுநோயில் மிர்-21 என்ற ஒன்று அளவுக்கு மீறிப் பெருகி, செல் பெருகுவதைத் தடுக்கும் ஜீன்களை அடக்கி வைக்கிறது. பிரேக் வயரை அறுத்த மாதிரி.

குடலின் உள்தோல் சில நாளைக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும். உதிர்ந்தது மலத்தோடு போகும். அதிலுள்ள ஆர்.என்.ஏ.வைப் படித்துக் கட்டியின் தடயம் தேடும் சோதனைக்கு அமெரிக்காவில் 2024-ல் அனுமதி கொடுத்தார்கள், 45 வயது முதல். நம் விரல் பட்டாலே சிதைந்துபோகும் பொருள் அது. அதை மலத்திலிருந்து மீட்டெடுக்கிறார்கள்!

சரி, அது நம்மூருக்கு எப்போது வரும் என்பதல்ல என் கவலை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் சாதாரணச் சோதனை நாகர்கோவில் லேபுகளில் இப்போதே உண்டு. யார் போய்க் கேட்கிறோம்? சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ஒப்பிப்போம். மலம் என்றால் மட்டும் டாக்டரிடமே நாக்கு எழாது. எவ்வளவு நுட்பமான சோதனை வந்தாலும் அந்த டப்பாவை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது நாம்தானே.

சித்தப்பா இப்போது தேவலை. மரச்சீனியும் சாளைக்கறியும் இறங்குகிறது. அவர் மகனுக்கு 41. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால் 40 வயதிலேயே குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அதைச் சொல்லத்தான் போன வாரம் கூப்பிட்டேன். "இரு அண்ணே, பிள்ளைங்க நிக்குது" என்று மொட்டை மாடிக்குப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் மேற்கொண்டு பேசினான்.