நோர்வேயின் கதை எண்ணெயில் தொடங்கவில்லை

போன கிழமை ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில், இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணை, இவங்களுக்குக் கடலுக்குள்ளை எண்ணெய் கிடைச்சுது. அவ்வளவுதான், அதிர்ஷ்டம்." இதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம், ஆறுதலாகப் பதில் சொல்ல முடியவில்லை.

எண்ணெய் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் கிடைத்ததை யார் கையில் வைத்திருப்பது என்ற கேள்விக்கு இந்த நாடு அதற்கு 60 வருடம் முந்தியே, அருவிகளை வைத்துப் பதில் கண்டுவிட்டது.

நோர்வே முழுக்க மலையும் பாறையும். பயிர் செய்யக்கூடிய நிலம் நூற்றுக்கு 3 பங்குதான். 1825 தொடங்கி நூறு வருடத்துக்குள் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1905இல் சுவீடனை விட்டுப் பிரிந்து தனிநாடானபோது கையில் இருந்தவை மீன், மரம், கப்பல், மலையிலிருந்து விழுகிற தண்ணீர். மின்சாரம் வந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டு முதலாளிகள் அருவிகளை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருடமே பாராளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது: அனுமதியில்லாமல் வெளிநாட்டவர் அருவி வாங்க முடியாது. இன்றும் அதற்குப் 'பதற்றச் சட்டம்' என்றுதான் பெயர். 1909இல் இன்னும் ஒரு படி போனார்கள். உரிமம் எடு, மின்நிலையம் கட்டு, இலாபம் பார். தவணை முடிந்ததும் அருவியும் நிலையமும் ஒரு சதம் நட்டஈடு இல்லாமல் அரசுக்கு வந்துவிட வேண்டும். நோர்வே மொழியில் இதை 'யெம்ஃபால்' என்பார்கள். 'யெம்' என்றால் வீடு. போன பொருள் வீட்டுக்குத் திரும்பி வருவது.

இரண்டாவது பாடத்தை நான் கண்ணாலேயே பார்த்தேன். 1987இல் வட கோடியிலுள்ள வார்டோவுக்கு மீன் பக்டரி வேலைக்குப் போனேன். அந்தக் காலத்தில் வார்டோ இருக்கிற ஃபின்மார்க் மாகாணத்தின் கரையோரப் பக்டரிகளில் எங்கட பெடியள் நிறையப் பேர். கீழே வெளிச்சம் போட்ட மேசையில் கொட் மீன் துண்டை விரித்து, முள்ளையும் புழுவையும் கத்தி நுனியால் எடுக்க வேண்டும். எட்டு மணித்தியாலம் நின்ற நிலை, விரல் விறைத்துப்போகும். வெளியே துறையில் சின்னப் படகு வந்து சேரும். நிறுத்து முடிந்ததும் படகுக்காரர் கையில் ஒரு சீட்டு: என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை. அந்த விலைக்குக் கீழே எங்கட முதலாளி ஒரு சதம் குறைக்க முடியாது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் மீனின் முதல் விற்பனையை மீனவர்களின் சொந்த அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. அடிவிலையை அவர்களே போடலாம். மீன் பிடித்தவன் விலை சொல்வதை நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தது அந்தத் துறையில்தான்.

எண்ணெய் அதற்குப் பிறகு வந்த கதை. 1963இல் கண்டத்திட்டு, அதாவது கரைக்கு அப்பால் கடலுக்கடியில் நீளும் நிலம், அரசுக்குச் சொந்தம் என்று அறிவித்தார்கள். 1969 கடைசியில் வடகடலில் எகோஃபிஸ்க் என்ற எண்ணெய் வயல் அகப்பட்டது. அதற்கு ஒரு வருடம் முந்தி, பஸ்ராவைச் சேர்ந்த ஃபாரூக் அல் காசிம் என்ற ஈராக்கியப் புவியியலாளர், மூளைவாதம் உள்ள மகனின் வைத்தியத்துக்காக மனைவியின் நாடான நோர்வேக்குக் குடிவந்தார். மனைவியின் ஊருக்குப் போகும் ரயிலுக்குச் சில மணித்தியாலங்கள் இருக்க, வேலை கேட்டு ஒஸ்லோவில் கைத்தொழில் அமைச்சுக்குள் நுழைந்தார். எண்ணெய் தெரிந்த ஆள் அங்கே இல்லாத நேரம், அவரையே எடுத்துக்கொண்டார்கள். அந்நியக் கம்பனிகளிடம் எண்ணெய் சிக்கினால் என்ன நடக்கும் என்று ஈராக்கில் பார்த்தவர் அவர். 1972இல் அரசுக் கம்பனியும், அதைத் தள்ளி நின்று கண்காணிக்கத் தனித் திணைக்களமும் உருவானதில் அவர் கை உண்டு. ஒரு குடிவரவாளனாக இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இன்று எண்ணெய்க் கம்பனியின் இலாபத்தில் 78 வீதம் வரி. அரசுக்கு வரும் எண்ணெய்ப் பணம் 1990இல் சட்டமான அரசுச் சேமிப்பு நிதியத்துக்குப் போகிறது. அது 2024 முடிவில் கிட்டத்தட்ட 20 இலட்சம் கோடி குரோனர், 55 இலட்சம் சனங்களுக்கு. அரசு அதிலிருந்து சராசரியாக வருடத்துக்குச் சுமார் 3 வீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இந்த அடக்கம் ஒரே நாளில் வந்ததல்ல தம்பி.

ஆனால் 'எல்லாருக்கும் சொந்தம்' என்ற அந்த 'எல்லார்' யார் என்று நோர்வேயின் பூர்வகுடிகளான சாமி மக்களிடம் கேட்க வேண்டும். ஃபோசென் குடாநாட்டில் அவர்களின் கலைமான்கள் பனிக்காலத்தில் மேய்கிற மலையில் 151 காற்றாலைகளை நட்டார்கள். அது அவர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்று 2021 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. 500 நாள் கழிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. 2023 பெப்ரவரியில் சாமி இளைஞர்கள் எண்ணெய், எரிசக்தி அமைச்சுக்குள்ளேயே போய்த் தரையில் குந்தினார்கள். பிறகு பிரதமர் மன்னிப்புக் கேட்டார், நட்டஈட்டு உடன்பாடுகள் வந்தன. காற்றாலைகளை யாரும் கழற்றவில்லை.